மலை மண்ணை லாரியில் கொண்டுவந்தால் மலைப் பழத்தின் ருசியும் வருமா?

வாசகர் கேள்வி, மே 26, 2024

எங்கள் உறவினர் பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மலைச்சரிவில் முசாங் கிங் டுரியான் வைத்திருக்கிறார். அதே வகை ஒட்டுக்கன்றை வாங்கி நான் செபராங் பிறையில், சமதளத்தில் நட்டேன். இப்போது காய்க்கிறது. பழத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மலைப் பழத்தின் கசப்பும் அடர்த்தியும் அதில் இல்லை. கேட்பவர்கள் எல்லோரும் "அது மண் ருசி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரே வகை ஒட்டு என்றால் ருசியும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அந்த மலை மண்ணையே இரண்டு லாரி கொண்டுவந்து மரத்தடியில் பரப்பினால் மாறுமா?

மே 27

ஒட்டுக்கன்று கொண்டுவருவது மரத்தின் மரபணுக்களை மட்டுமே. முசாங் கிங், மலேசிய வேளாண்மைத் துறையின் பட்டியலில் டி197 என்ற எண்ணோடு 1993இல் பதிவான வகை. 2017இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 46,000 மரபணுக்கள். கந்தகம் கலந்த வாசப்பொருட்களை உண்டாக்கும் மரபணு டுரியானில் ஒரே படியாக இல்லாமல் பல படிகளாகப் பெருகியிருப்பதும், அது பழம் கனியும் வேளையில் சுறுசுறுப்பாக இயங்குவதும் அப்போது தெரியவந்தன. அந்த ஆற்றல் உங்கள் மரத்திலும் இருக்கிறது, உறவினரின் மரத்திலும் இருக்கிறது. அது எந்த அளவுக்கு வெளிப்படும் என்பதை மரம் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது.

இடம் என்றவுடன் எல்லோரும் மண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் தண்ணீரைப் பார்ப்பேன். பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல் மலைகள். அந்தக் கல் சிதைந்து உண்டான மண்ணில் மணற்சத்து மிகுதி, சரிவும் உண்டு, ஆகவே எவ்வளவு மழை பெய்தாலும் வேரடியில் தண்ணீர் தேங்குவதில்லை. செபராங் பிறையின் பெரும்பகுதி ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த களிமண் சமவெளி. நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும். டுரியானின் உணவுறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்கின்றன. காய் முதிரும் வாரங்களில் மழை விடாமல் கொட்டி, அந்த நீர் வடியவும் வழியில்லாதபோது, சுளையில் நீர் ஏறி இனிப்பும் கசப்பும் ஒருசேர மங்கிப்போகின்றன. உங்கள் மரத்தின் குறையில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

மே 27, இரவு

ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒப்பிட்ட இரண்டு பழங்களும் ஒரே இரவில் விழுந்தவையா? தானாக விழுந்த டுரியானின் மணம் மணிக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். மலைத்தோட்டத்தில் வலையிலிருந்து எடுத்து அங்கேயே பிளந்து தின்றதையும், வீட்டில் மறுநாள் மாலை பிளந்ததையும் அருகருகே வைத்து மண்ணைக் குற்றம் சொல்லக்கூடாது. மரங்களின் வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதன்முதலாகக் காய்க்கும் மரத்தின் பழத்தையும் பல பருவம் கண்ட மரத்தின் பழத்தையும் தோட்டக்காரர்கள் யாரும் ஒரே கூடையில் போடுவதில்லை.

மே 30

"மரபணு அளிப்பது ஆற்றல், இடம் தீர்மானிப்பது அளவு" என்பதற்குச் சான்று கேட்டிருக்கிறார்கள். டுரியானைவிட நன்றாக ஆராயப்பட்ட பயிர் நெல், அதிலிருந்து சொல்கிறேன்.

நாம் நாசி லெமாக்கில் போடும் பாண்டான் இலைக்கும், பாஸ்மதிக்கும், தாய்லாந்து மல்லிகை அரிசிக்கும் மணம் தருவது ஒரே வேதிப்பொருள். அதன் பெயர் 2-அசிட்டைல்-1-பைரோலின். மணமில்லாத சாதாரண நெல்லில் பிஏடிஎச்2 என்ற மரபணு ஒரு நொதியை உண்டாக்கி, அந்த மணப்பொருள் உருவாகும் வழியை அடைத்துவிடுகிறது. மணமுள்ள நெல்லில் அந்த மரபணு பழுதாகியிருப்பதால் வழி திறந்தே இருக்கிறது. விதை வாங்கும்போது நாம் வாங்குவது இந்தத் திறந்த வழியைத்தான்.

ஆனால் அதே மல்லிகை நெல்லைத் தாய்லாந்தின் வளமான சமவெளியில் விதைத்தால் விளைச்சல் கூடும், மணம் குறையும். வடகிழக்கில் துங் குலா ரோங்ஹாய் என்ற வறண்ட மேட்டுநிலம் இருக்கிறது. மணற்பாங்கான, உப்பேறிய, சத்துக் குறைந்த நிலம். அங்கே விளையும் அரிசிக்குத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. பயிர் வறட்சியிலும் உப்பிலும் துன்பப்படும்போது தன்னைக் காத்துக்கொள்ளப் புரோலின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்து வைக்கிறது. மணப்பொருள் உருவாவதற்கான மூலப்பொருள் அதுவே. அதாவது, உழவனுக்கு மோசமான நிலம் சமையலறைக்கு நல்ல நிலமாகிறது. பாஸ்மதியும் இப்படித்தான்: கதிர் பால்பிடித்து முற்றும் நாட்களில் இரவு குளிர்ந்திருந்தால் மணம் தங்கும், வெப்பம் மிகுந்தால் குறையும்.

இந்தப் பதிவில் நுண்ணுயிர் ஒன்றுகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உப்பும் வறட்சியும் வெப்பமுமே இவ்வளவு செய்கின்றன.

ஜூன் 2

வெங்காயத்துக்கும் மண் ருசி உண்டா என்று கேட்டவருக்கு: அங்கே விடை இன்னும் தெளிவானது. வெங்காயத்தின் காரமும் கண்ணீரும் கந்தகச் சேர்மங்களிலிருந்து வருபவை. அந்தக் கந்தகத்தை மண்ணிலிருந்துதான் செடி எடுக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விடேலியா என்ற ஊரைச் சுற்றிய மணல்நிலத்தில் கந்தகம் மிகக் குறைவு, மழையும் இருப்பதை அடித்துச் சென்றுவிடுகிறது. அங்கே விளையும் வெங்காயத்தைப் பச்சையாகவே கடித்துத் தின்கிறார்கள். 1986இல் அந்த மாநிலம் சட்டமே இயற்றி, குறிப்பிட்ட மாவட்டங்களில் விளைந்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம் என்று வரையறுத்தது. அதே விதையைக் கந்தகம் நிறைந்த மண்ணில் போட்டால் காரம் ஏறிவிடும். எந்தத் தாது என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடிய "மண் ருசி" மிகச் சில பயிர்களுக்கே உண்டு. வெங்காயம் அவற்றில் ஒன்று.

ஜூன் 8

இனி நுண்ணுயிர்கள். இதை எழுதுவதற்காகவே முந்தைய பதிவுகளை எழுதினேன். நீரையும் வெப்பத்தையும் தாதுவையும் முதலில் எடுத்து வைக்காமல் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசினால், எதற்கெடுத்தாலும் அவற்றைக் காரணம் காட்டும் பழக்கம் வந்துவிடும்.

நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். லயத்துக்குப் பின்னால் அம்மா போட்ட கொல்லையில் பயற்றங்காய், கத்தரி, மிளகாய், முருங்கை எல்லாம் பெரிய கவனிப்பு இல்லாமலே வந்தன. திருமணமாகிப் புது வீட்டுமனைப் பகுதிக்குக் குடிபோன பிறகு, அதே அம்மா, அதே விதை, அதே கை. ஆனால் ஒன்றும் சரியாக வரவில்லை. கத்தரி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. இலையின் அடிப்புறம் ஊதா நிறமாக மாறியது. உரம் போட்டால் சில நாள் தேறும், பிறகு பழையபடி சோர்ந்துவிடும். வீடு கட்டியவர்கள் மேல்மண்ணை வாரி எடுத்துவிட்டு, எங்கோ குன்றை வெட்டிக் கொண்டுவந்த அடிமண்ணைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள் என்பது தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. செக்கச்செவேலென்று, பார்க்க அழகான மண். அதில் ஒரு மண்புழு கிடையாது.

தீபகற்ப மலேசியாவின் சிவந்த மேட்டுமண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. அவை மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, பிடித்து வைத்துக்கொண்டு வேருக்கு விடுவதில்லை. ஊதா நிறம் மணிச்சத்துப் பஞ்சத்தின் அடையாளம். இப்படிப்பட்ட மண்ணில் பெரும்பாலான செடிகள் பிழைப்பது வேர்ப்பூஞ்சையால்தான். ஜெர்மானியத் தாவரவியலாளர் பிராங்க் 1885இல் இந்தக் கூட்டுவாழ்க்கைக்குப் பெயரிட்டார். வேரைவிடப் பன்மடங்கு மெல்லிய பூஞ்சை இழைகள், வேர் எட்டாத மண்துகள்களின் இடுக்குகளுக்குள் நுழைந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுக்கின்றன. பதிலுக்குச் செடி தன் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. நிலத்துச் செடியினங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பூஞ்சை உறவு உண்டு. குன்றின் அடிவயிற்றிலிருந்து வெட்டி எடுத்த மண்ணில் வேர் இருந்ததில்லை. வேர் இல்லாத இடத்தில் வேர்ப்பூஞ்சைக்கும் வாழ்வில்லை.

தோட்டத்து மண்ணில் அது ஏன் நிறைந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பால்மரங்களுக்கு இடையே கொடி படர விடுவார்கள். புவேரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா என்ற அவரைக் குடும்பத்துக் கொடிகள். நாங்கள் சிறுவயதில் அவற்றைக் காடு என்று நினைத்தோம். அவை திட்டமிட்டு விதைத்தவை. அவரைக் குடும்பத்தின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது என்பதை ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களில் ஜெர்மனியில் நிறுவினார்கள்; 1888இல் பெய்ஜரிங்க் என்ற டச்சு அறிஞர் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். தோட்டங்களில் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த பாறைப் பாஸ்பேட்டை அந்தக் கொடிகளுக்குத் தூவினார்கள்; நம் மண்ணின் புளிப்பு அதை மெல்லக் கரைக்க, கொடியும் பூஞ்சையும் அதை எடுத்துச் சருகாக்கி மண்ணுக்குத் திருப்பின. அம்மாவின் கொல்லை அந்தக் கொடிக்காட்டின் ஓரத்தில் இருந்தது.

ஜூன் 9

நேற்று எழுதியதில் ஒரு விலக்கு. புதுமனை மண்ணில் தண்டுக்கீரையும், சந்தையில் நாம் சாவி என்று கேட்டு வாங்கும் கடுகுக்கீரையும் ஓரளவு வந்தன. கடுகுக் குடும்பம் வேர்ப்பூஞ்சையோடு சேர்வதில்லை, தண்டுக்கீரைக் குடும்பமும் பெரும்பாலும் அப்படியே. அவற்றுக்குத் தொழுவுரம் கிடைத்தால் போதும். ஒரு மண் உயிரோடு இருக்கிறதா என்று கீரையை வைத்துச் சோதிக்காதீர்கள். கத்தரியையோ சோளத்தையோ நட்டுப் பாருங்கள்.

ஜூன் 15

"நுண்ணுயிர்தான் காரணம், உரச்சத்து அல்ல என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்ற கேள்வி நியாயமானது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, நானும் செய்துகொண்டிருக்கிறேன். முருங்கையடியிலிருந்து எடுத்த மண்ணை இரு பங்காக்கி, ஒரு பங்கை இட்லிப் பானையில் நன்றாக ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு, இரண்டையும் தனித்தனித் தொட்டிகளில் போட்டு நிலக்கடலை விதைத்திருக்கிறேன். மண் ஒன்று, விதை ஒன்று, வெயில் ஒன்று. வேறுபாடு உயிர் மட்டுமே.

இப்போதைக்கு வெந்த மண்ணில் முளைத்த செடிகளே பச்சையாகவும் உயரமாகவும் இருக்கின்றன. இதைப் படித்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். கொல்லப்பட்ட நுண்ணுயிர்களின் உடலிலிருந்த நைட்ரஜன் ஒரே நேரத்தில் வெளியாகிச் செடிக்குக் கிடைக்கிறது. அது தீரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஜூன் 22

சுவைக்கும் நுண்ணுயிருக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று கேட்ட ஆசிரியைக்கு, என் மனத்துக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். பொலிவியாவில் காட்டு மிளகாய் ஒன்று இருக்கிறது; ஒரே இனத்தில் சில செடிகள் காரமாகவும் சில காரமே இல்லாமலும் காய்க்கும். பழத்தில் துளையிடும் பூச்சிகள் மிகுந்த, ஈரமான இடங்களில் காரச்செடிகள் மிகுதி. வறண்ட இடங்களில் குறைவு. பூச்சி குத்திய துளை வழியாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சை நுழைந்து விதையை அழிக்கிறது. காரம் தரும் கேப்சைசின் அந்தப் பூஞ்சையைத் தடுக்கிறது. ஜோஷ்வா டியூக்ஸ்பரியும் அவருடைய குழுவினரும் 2008இல் இதை வெளியிட்டார்கள். நாம் சம்பாலில் ரசிக்கும் அந்தக் காரம், ஒரு பூஞ்சையோடு நடந்த நெடுங்காலப் போராட்டத்தில் செடி வளர்த்துக்கொண்ட ஆயுதம். இங்கே நுண்ணுயிர் சுவையை ஒரு பருவத்தில் மாற்றவில்லை. எந்த ஊரில் எந்தச் செடி நிலைக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நாட்டு வகைகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு வழி.

ஜூலை 4

லாரி மண் கேள்விக்கு இதுவரை நேராகப் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன்: கொண்டுவர வேண்டாம்.

டுரியான் தோட்டக்காரர்கள் அஞ்சும் நோய், மரத்தின் அடித்தண்டில் பட்டை கசிந்து அழுகுவது. ஃபைட்டோஃப்தோரா பால்மிவோரா என்ற உயிர் அதற்குக் காரணம். பூஞ்சை போல் இருந்தாலும் அது பூஞ்சையினம் அன்று, நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய உறவு. அதன் வித்துகளுக்கு வால் உண்டு, ஈரமண்ணில் நீந்தும். மலைச்சரிவில் நீர் வடிந்துவிடுவதால் அடங்கிக் கிடக்கும் அதே உயிர், உங்கள் களிமண் சமவெளியில் நீர் தேங்கிய மழைக்காலத்தில் முழு வேகத்தோடு கிளம்பும். நீங்கள் ருசியை ஏற்றி வருவதாக நினைத்து நோயை ஏற்றி வருவீர்கள்.

உறவினரின் தோட்டத்தில் அந்த நோய் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நோய் தெரியாத மண் நோய்க்கிருமி இல்லாத மண் ஆகிவிடாது. தென் பிரான்சில் ஷாத்தோரெனார் என்ற ஊரில் முலாம்பழத்தை வாட்டும் ஃபியூசேரியம் மண்ணில் இருந்தும் செடிகள் வாடுவதில்லை. அந்த மண்ணை ஆவியில் வேகவைத்தபோது அந்தக் காப்பு போய்விட்டது. வேகாத மண்ணின் ஒரு சிறு பங்கை அதில் கலந்தபோது திரும்பியது. அதே மண்ணில் வாழும் மற்ற நுண்ணுயிர்கள், குறிப்பாக நோய் தராத ஃபியூசேரியம் வகைகள், உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிட்டுக் கிருமியை அடக்கி வைத்திருந்தன. மலைத்தோட்டத்திலும் அத்தகைய சமநிலை இருக்கலாம். அந்தச் சமநிலையை அங்குள்ள வடிகால், நிழல், சருகு ஆகியவை சேர்ந்துதான் காக்கின்றன. லாரியில் ஏறுவது மண் மட்டுமே.

ஜூலை 5

மண்வழி நோயின் மற்றொரு முகத்தை நம் நாடு நன்றாக அறியும். 1990களின் தொடக்கத்தில் இங்கே பெரிய அளவில் நட்ட கேவண்டிஷ் வாழைத் தோட்டங்களை ஃபியூசேரியம் வாடல் நோயின் வெப்பமண்டல நான்காம் வகை (டிஆர்4) அழித்தது. ரஸ்தாளியை அதற்கு முன்பே பழைய வகை வாட்டிக்கொண்டிருந்தது. கிருமி மண்ணில் பல்லாண்டுகள் கிடக்கும். காலணியில் ஒட்டிய சேறு போதும், அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

ஜூலை 13

நிலக்கடலைத் தொட்டிகள். வெந்த மண்ணில் வளர்ந்த செடிகளின் இலை வெளிறிவிட்டது. வேகாத மண்ணில் வளர்ந்தவை இருண்ட பச்சையாக அடர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேகாத மண்ணில் வேர் முழுவதும் முடிச்சுகள். நகத்தால் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பு, அதாவது நைட்ரஜன் பிடிக்கும் வேலை நடக்கிறது. வெந்த மண்ணின் வேரில் முடிச்சே காணோம். மீதியிருந்த வெந்த மண்ணில் ஒரு கரண்டி உயிருள்ள மண்ணைக் கலந்து புதிதாக விதைத்திருக்கிறேன்.

ஜூலை 20

நுண்ணுயிர்கள் மண்ணில் குடியிருக்கின்றன என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. சில இடங்களில் மண்ணின் குணத்தையே அவைதான் உண்டாக்கியிருக்கின்றன. கெடாவின் மெர்போக் பக்கம் நெல் பயிரிடும் ஒருவரோடு பேசியபின் இதை எழுதத் தோன்றியது.

அந்தக் கரையோர நிலம் ஒரு காலத்தில் அலையாத்திக் காடு. கடல்நீரின் சல்ஃபேட்டையும் சேற்றின் இரும்பையும் சருகையும் கொண்டு, காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் பைரைட் என்ற கந்தக இரும்பை உண்டாக்கிப் புதைத்து வைத்தன. நீரில் மூழ்கியிருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. வாய்க்கால் வெட்டி வடித்தவுடன் காற்றுப் பட்டு, வேறு பாக்டீரியாக்கள் அந்தப் பைரைட்டைத் தின்று கந்தக அமிலமாக மாற்றுகின்றன. மண்ணின் பிஎச் 3.5க்குக் கீழே இறங்கும். அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கருக்கும். மண்ணைத் தோண்டினால் வைக்கோல் மஞ்சளில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

அந்த நிலத்தில் மற்ற பயிர்கள் திணறும்போது நெல் எப்படிப் பிழைக்கிறது? வயலில் நீர் கட்டியதும் காற்று தீர்ந்து, மூன்றாம் வகைப் பாக்டீரியாக்கள் இரும்பை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் அமிலம் செலவாகிப் பல புளிப்பு மண்களின் பிஎச் சில வாரங்களில் நடுநிலையை நோக்கி ஏறும். பிலிப்பைன்ஸிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பொன்னம்பெரும இந்த வேதியியலை விரிவாக விளக்கினார். மிக மோசமான கந்தக அமில மண்ணில் இந்த ஏற்றம் மெதுவாகவும் குறைவாகவும் இருக்கும், கரைந்த இரும்பும் அளவு மீறும். ஆகவே உழவர்கள் மக்னீசியச் சுண்ணாம்புத் தூளும் போடுகிறார்கள். வயலில் நீர் கட்டுவதைக் களை அடக்க என்றுதான் நாம் எண்ணியிருக்கிறோம். இத்தகைய நிலத்தில் அது பாக்டீரியாக்களை வேலைக்கு அமர்த்தும் முறை.

ஆகஸ்ட் 3

தேயிலையில் 2024இல் வெளியான ஆய்வைப் பற்றிப் பலர் அனுப்பியிருந்தீர்கள். படித்தேன், நுண்ணுயிர் சுவையைத் தொடுகிறது என்பதற்கு நான் கண்டவற்றுள் இதுவே நேரான சான்று. சீனாவின் ஃபூஜியான் மாநில ஆய்வாளர்கள், தியானின் என்ற அமினோ அமிலம் மிகுந்த ஒரு தேயிலை வகையின் வேரில் வாழும் நுண்ணுயிர்களையும் தியானின் குறைந்த வகையின் வேரில் வாழ்பவற்றையும் ஒப்பிட்டார்கள். நல்ல வகையின் வேரிலிருந்து 21 பாக்டீரியா வகைகளைப் பிரித்து ஒரு கூட்டமாகச் சேர்த்து மற்ற செடிகளின் வேருக்கு இட்டபோது, இலையில் தியானின் கூடியது. தேநீரின் மென்சுவைக்குத் தியானினே காரணம், அதில் நைட்ரஜன் இருக்கிறது. வேரோரத்து உயிர்கள் நைட்ரஜனை எடுத்துக்கொள்ள உதவியதுதான் வழி.

இதில் என்னைக் கவர்ந்தது வேறு. நல்ல வகைச் செடி தன் வேரைச் சுற்றித் தனக்கேற்ற உயிர்களைத் தானே திரட்டியிருந்தது. வேர் தான் கசியவிடும் சாற்றினால் யாரை அழைப்பது என்று தேர்ந்தெடுக்கிறது. ஆகவே மண்ணுயிர் ஒருபுறம், செடியின் மரபணு மறுபுறம் என்று மே மாதத்தில் நான் பிரித்துப் பேசியது விளக்கத்துக்கு வசதியான பிரிப்பு. நிலத்தில் அவை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை.

ஆகஸ்ட் 4

இந்த ஆய்வைக் காட்டிப் போத்தலில் அடைத்த நுண்ணுயிர்க் கரைசல் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். அவர்கள் இட்டது குறிப்பிட்ட ஒரு பயிரின் வேரிலிருந்து எடுத்து, அடையாளம் கண்டு, அதே பயிருக்குத் திருப்பிக் கொடுத்த கூட்டம். எந்தச் செடிக்கும் எந்த மண்ணுக்கும் என்று விற்கும் பொதுக் கரைசலுக்கு அந்தச் சான்று பொருந்தாது. வெளியிலிருந்து ஊற்றும் உயிர்கள் ஏற்கனவே இடம் பிடித்தவற்றோடு போட்டியிட்டுப் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. பழத்தோலில் வீட்டில் செய்யும் நொதிக்கரைசல் பெரும்பாலும் புளித்த காடி. அதை நீர்க்காமல் வேரில் ஊற்றாதீர்கள்.

விதிவிலக்கு அவரைக் குடும்பம். சோயா போன்ற பயிரைப் புதிய நிலத்தில் விதைக்கும்போது அதற்குரிய பாக்டீரியா அங்கே இல்லாமல் இருக்கக்கூடும். விதையோடு கலந்து கொடுத்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். பயற்றங்காய்க்கு அந்தச் செலவு வேண்டியதில்லை. நம் மண்ணில் பரவிக் கிடக்கும் பலவகை பாக்டீரியாக்களோடும் அது சேர்ந்துகொள்ளும்.

ஆகஸ்ட் 17

பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பற்றி எழுதியவருக்கு நன்றி. இது நம் எல்லோருக்கும் நெருக்கமான எடுத்துக்காட்டு. பஞ்சாமிர்தத்துக்குரிய விருப்பாச்சி வாழை, கீழ்ப்பழனி மலையில் காப்பிச் செடிகளோடு கலந்து, மழையை நம்பி வளர்வது. அதன் சதையில் நீர் குறைவு. பிசைந்தால் கெட்டியாக நிற்கும், நாள்பட்டாலும் எளிதில் கெடாது. சமவெளியில் பாசனம் செய்து வளர்த்தால் அந்தக் கட்டுத்தன்மையும் மணமும் குறைகின்றன. விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்தது. 1970களில் அந்த மலைவாழைகளை முடிக்கொத்து நோய் அழித்தது. அது அசுவினியால் பரவும் நச்சுயிர் நோய், மண்ணோடு தொடர்பில்லாதது; பின்னர் நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பில் உண்டாக்கி மீண்டும் மலைக்கே கொண்டுபோனார்கள். கன்று ஆய்வுக்கூடத்தில் பிறந்தாலும் அது மலையில்தான் நடப்பட்டது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தைப்பூசத்தன்று இங்கே நாம் பிசையும் பஞ்சாமிர்தம் வேறு வாழையில் செய்தது. அது இன்னொரு ருசி, குறைந்த ருசி என்று நான் சொல்லமாட்டேன்.

நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தபின் சரவாக் மிளகு, பாரியோ அரிசி போன்றவை இத்தகைய பாதுகாப்பைப் பெற்றன. பாரியோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த நெல்லைக் கரையோர வெப்பத்தில் விதைத்தால் அதே அரிசி கிடைப்பதில்லை. குறியீடு பெயரைக் காக்கிறது. அந்த இடத்தின் மேல்மண்ணை யார் காப்பது என்று சட்டம் கேட்பதில்லை. இதுவே என் மனக்குறை.

ஆகஸ்ட் 18

பாலிக் புலாவ் சாதிக்காயை நான் விட்டுவிட்டதாக ஒருவர் நினைவூட்டினார். அது பண்டா தீவுகளின் எரிமலை மண்ணுக்குரிய மரம். அங்கே உயர்ந்த கெனாரி மரங்களின் நிழலில் வளர்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை இங்கே கொண்டுவந்தார்கள். 1860ஐ ஒட்டிப் பரவிய நோயில் பினாங்கின் பெருந்தோட்டங்கள் அழிந்தன. தித்தி கெராவாங் பக்கம் இன்று நாம் பார்க்கும் சாதிக்காய் மரங்கள் பெரும்பாலும் டுரியானோடும் கிராம்போடும் கலந்து நிற்பவை. ஒரே மரத்தைக் காடுபோல் நட்ட பெருந்தோட்டம் வீழ்ந்தது, கலந்து நட்ட சரிவுத்தோட்டம் நிலைத்தது என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

செப்டம்பர் 7

கரண்டி மண் கலந்த தொட்டியைப் பிடுங்கிப் பார்த்தேன். முடிச்சுகள் வந்திருக்கின்றன, உயிருள்ள மண்ணில் இருந்த அளவுக்கு இல்லை, ஆனால் இளஞ்சிவப்பாக வேலை செய்கின்றன. முதல் தொட்டிகளில் விளைந்த கடலையை அவித்து வீட்டில் எல்லோருக்கும் கொடுத்து எது எந்தத் தொட்டி என்று கேட்டேன். ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விளைச்சலில் இருந்த வேறுபாடு நாக்கில் இல்லை. நிலக்கடலைக்கு இதுதான் முடிவு. தேயிலைக்கு வேறு முடிவு. பயிருக்குப் பயிர் தனியே கேட்க வேண்டிய கேள்வி இது.

செப்டம்பர் 8

முதல் கேள்வி கேட்டவர், லாரித் திட்டத்தைக் கைவிட்டதாகவும் இனி என்ன செய்வதென்றும் கேட்டிருக்கிறார். மரத்தைச் சுற்றி வேர் வெட்டுப்படாத தொலைவில் வடிகால் வெட்டி, அதை வாய்க்காலோடு சேருங்கள். அடித்தண்டை மூடாமல், கிளைநிழல் விழும் பரப்பில் சருகையும் மட்கிய உரத்தையும் பரப்புங்கள். உங்கள் மண்ணிலேயே இருக்கும் பூஞ்சைகளுக்கு அதுவே உணவு. மணிச்சத்து உரத்தை அளவோடு போடுங்கள், ஏனெனில் அது மிகுந்தால் வேர் பூஞ்சையோடு சேர்வதைக் குறைத்துக்கொள்ளும். களைக்கொல்லி அடிப்பதை விட்டுப் புல்லை வெட்டிப் போடுங்கள். அடுத்து நடும் கன்றை மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். சமவெளியில் முசாங் கிங்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் கொஞ்சம் தளர்த்தி, உங்கள் ஊரில் பழைய மரங்களாக நின்று காய்க்கும் கம்பத்து டுரியான்களில் நல்ல பழம் தருவது எது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதிலிருந்து ஓர் ஒட்டு எடுத்து வையுங்கள்.